உங்களுக்குத் தெரியுமா? கொடிமலையில் பிறந்த பள்ளியில் 45 புள்ளி

பினாங்குக் கொடிமலை உச்சியில் இருந்த கிராக் ஹோட்டல் 1955-இல் பள்ளிக்கூடமானது. ரப்பர்த் தோட்ட நிர்வாகிகளின் பிள்ளைகளுக்காக, அந்த நிர்வாகிகளின் சங்கமே தொடங்கிய பள்ளி அது. இன்று பத்து ஃபெரிங்கியில் இயங்கும் அப்லண்ட்ஸ் அனைத்துலகப் பள்ளி, ஐ.பி. (இன்டர்நேஷனல் பேக்கலரியட்) டிப்ளோமா படிப்பை வழங்குகிறது.

1968-இல் ஜெனீவாவில் உருவான இந்த ஈராண்டுப் படிப்பு லேசானதல்ல. ஆறு பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 7 புள்ளி. மீதி 3 புள்ளி ஆய்வுக் கட்டுரைக்கும் அறிவுக் கோட்பாட்டுப் பாடத்துக்கும். மொத்தம் 45. தேர்ச்சி பெறக் குறைந்தது 24 வேண்டும். கலை, உடற்பயிற்சி, சமூகத் தொண்டு ஆகியவற்றுக்குப் புள்ளி கிடையாது. ஆனால் அவற்றை முடிக்காமல் டிப்ளோமாவும் கிடையாது!

மாணவரை உண்மையில் வளர்ப்பது 4,000 சொற்களுக்குள் எழுதவேண்டிய அந்த ஆய்வுக் கட்டுரைதான். தலைப்பை மாணவரே தேர்ந்தெடுக்கலாம். ஜார்ஜ் டவுன் குயின் ஸ்திரீட்டில் 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோவிலின் வரலாற்றைக்கூட எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கேள்வி கூர்மையாக இருக்கவேண்டும். ஒவ்வொரு கூற்றுக்கும் சான்று காட்டவேண்டும். பதினேழு வயதில் இந்தப் பழக்கம் வாய்ப்பது பெரிய பேறு.

தாய்மொழி இலக்கியத்துக்குப் பள்ளியில் ஆசிரியர் இல்லாவிட்டால், பள்ளியின் துணையோடு மாணவர் தாமே படித்துத் தேர்வு எழுதும் வழியும் இந்த டிப்ளோமா படிப்பில் உண்டு.