சொன்ன பேச்சைக் கேட்காத சிநேகிதர்கள்

மைசூரிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டுக்கு ஒரு கடிதம் போனது. முப்பது வயதுகூட ஆகாத ஓர் எழுத்தாளர், அங்கே படிக்கப் போயிருந்த தன் சிநேகிதருக்கு எழுதிய கடிதம் அது. எழுதிய முதல் நாவலை இங்கிலாந்துப் பதிப்பாளர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மனம் வெறுத்துப்போன அந்த இளைஞர், கையெழுத்துப் பிரதியோடு ஒரு கல்லைச் சேர்த்துக் கட்டி தேம்ஸ் நதியில் போட்டுவிடும்படி கேட்டுக்கொண்டார்.

சிநேகிதர் அந்தப் பேச்சை மட்டும் கேட்கவில்லை.

அவர் பெயர் பூர்ணா. பிரதியை எடுத்துக்கொண்டு அவர் போய் நின்றது, அப்போது ஆக்ஸ்ஃபோர்டில் குடியிருந்த எழுத்தாளர் கிரஹாம் கிரீனின் வீட்டு வாசலில். கிரீனுக்குக் கதை பிடித்துப்போனது. அவரே பதிப்பாளரைத் தேடிப் பிடித்தார். புத்தகத்துக்குப் புதுப் பெயர் வைத்தார். எழுத்தாளரின் நீளமான பெயரையும் சுருக்கச் சொன்னார். 1935-ல் 'சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' வெளியானது. அட்டையில் ஆர்.கே.நாராயண் என்று இருந்தது.

சிநேகிதர்களைப் பற்றிய கதை பிழைத்தது, ஒரு சிநேகிதரால்தான். கிரீனும் நாராயணும்கூட ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பல வருடங்கள் கடிதங்களிலேயே நட்பு வளர்த்தார்கள்.

விஜயதசமியில் பிறந்த ஊர்

நாராயண் பிறந்தது 1906-ல், சென்னையில். புரசைவாக்கத்தில் பாட்டியிடம் வளர்ந்தார். பிறகு, அப்பா தலைமை ஆசிரியராக இருந்த மைசூருக்குப் போனார். 1930-ல் ஒரு விஜயதசமி நாள், எழுத்தைத் தொடங்க நல்ல நாள் என்று பாட்டி சொல்ல, புதிதாக ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி உட்கார்ந்தார். முதலில் மனதில் தோன்றியது ஒரு ரயில் நிலையம். அதன் பெயர் மால்குடி.

எந்த வரைபடத்திலும் இல்லாத அந்த ஊருக்குச் சரயு என்ற நதி உண்டு, மெம்பி மலை உண்டு, மார்க்கெட் ரோடு உண்டு. பெரிய வீரர்கள் யாரும் அங்கே இல்லை. வக்கீல், குமாஸ்தா, ஜோசியர், தபால்காரர், இருட்டு ரேழியில் பேரனுக்காகக் காத்திருக்கும் பாட்டி என்று நாம் தினம் பார்க்கிற மனிதர்கள்தான். 1980-களில் ஷங்கர் நாக் இயக்கிய 'மால்குடி டேஸ்' தூர்தர்ஷனில் வந்தபோது, இந்தியா முழுக்க அந்த ஊரைத் தங்கள் ஊராக நினைத்தார்கள். படப்பிடிப்பு நடந்த கர்நாடகத்தின் ஆகும்பேவுக்கு, மால்குடியைப் பார்க்க வேண்டும் என்று இன்றும் ஆட்கள் போகிறார்கள்.

தபால்காரர் செய்த தப்பு

மால்குடி கதைகளைப் படித்தால் மனசு லேசாகும் என்பார்கள். அங்கே யாருக்கும் கஷ்டம் இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. 'தி மிஸ்ஸிங் மெயில்' என்ற சிறுகதையைப் பார்த்தாலே தெரியும்.

தணப்பா என்ற தபால்காரருக்குத் தெருவில் எல்லா வீட்டுக் கதையும் தெரியும். கடிதத்தைக் கொடுத்துவிட்டு, உட்கார்ந்து நல்லது கெட்டது பேசிவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவார். குமாஸ்தா ராமானுஜத்தின் மகள் காமாட்சிக்கு வரன் தட்டிக்கொண்டே போகிறது. கடைசியாக ஒரு நல்ல இடம் அமைகிறது. ஆனால், மே 20-ம் தேதி முகூர்த்தம் தவறினால் மாப்பிள்ளை பயிற்சிக்குப் போய்விடுவார்; பிறகு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கல்யாணம் நல்லபடியாக நடக்கிறது.

அதன்பிறகு தணப்பா தயங்கித் தயங்கி ஒரு கார்டை நீட்டுகிறார். சேலத்தில் இருக்கும் ராமானுஜத்தின் தந்தையுடைய சகோதரர் உயிருக்குப் போராடுகிறார் என்ற செய்தி. கல்யாணத்துக்கு முதல் நாளே வந்த கார்டு. அடுத்து ஒரு தந்தி. அவர் இறந்தே போய்விட்டார்.

கொடுத்திருந்தால் கல்யாணம் நின்றிருக்கும். அதனால், கொடுக்கவில்லை. வேலை போனாலும் பரவாயில்லை, புகார் கொடுங்கள் என்கிறார் தணப்பா. ராமானுஜம் புகார் கொடுக்கப்போவதில்லை. ஆனால், நீ இப்படிச் செய்திருக்க வேண்டாம் என்ற வருத்தத்தை மறைக்கவும் இல்லை.

தணப்பா செய்தது சரியா? பெண்ணுக்கு வாழ்க்கை அமைந்தது. பெற்றவருக்குக் கடைசியாக முகம் பார்க்கும் வாய்ப்புப் போனது. நாராயண் தீர்ப்புச் சொல்லவில்லை. உரிமை எடுத்துக்கொள்கிற அன்பில் சில சமயம் இன்னொருவரின் உரிமையும் சேர்ந்து போய்விடுகிறது. சின்ன ஊரில் வாழ்ந்தவர்களுக்கு இது புரியும்.

ரயிலடியில் மணி

சுவாமியின் கதையும் அப்படித்தான் முடிகிறது. போலீஸ் அதிகாரியின் மகன் ராஜம், வகுப்புக்குப் புதிதாக வருகிறான். அவனை ஆற்றில் தூக்கிப் போட வேண்டும் என்று சுவாமியும் முரட்டு மணியும் கறுவுகிறார்கள். ஆனால், நேருக்கு நேர் சந்தித்ததும் மூவரும் இணைபிரியாத நண்பர்களாகிவிடுகிறார்கள். கிரிக்கெட் டீம் ஆரம்பிக்கிறார்கள். பள்ளியில் தகராறு செய்துவிட்டு ஓடிப்போய் காட்டில் வழிதவறிய சுவாமி, முக்கியமான மேட்ச்சைத் தவறவிடுகிறான். ராஜம் பேச்சை நிறுத்திவிடுகிறான்.

பிறகு ராஜத்தின் அப்பாவுக்கு மாற்றல் வருகிறது. ரயிலடிக்குப் புத்தகம் ஒன்றைப் பரிசாக எடுத்துக்கொண்டு ஓடுகிறான் சுவாமி. ரயில் நகர்கிறது. புத்தகத்தை வாங்கி ராஜத்திடம் சேர்ப்பது மணிதான். ராஜம் ஏதோ சொல்கிறான். இரைச்சலில் சுவாமிக்குக் கேட்கவில்லை.

கடிதம் போடுவானா என்று கேட்கிறான் சுவாமி. போடுவதாகச் சொன்னான் என்கிறான் மணி. அவனிடம் என் விலாசம் இல்லையே? நான் கொடுத்துவிட்டேன் என்கிறான் மணி. அப்படியானால் என் விலாசத்தைச் சொல் பார்க்கலாம் என்றதும் மணி தடுமாறுகிறான். அவன் முகத்திலிருந்து சுவாமியால் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. நாவல் அங்கே முடிகிறது.

எல்லோரையும் தடியைக் காட்டி மிரட்டிய மணி, தன் நண்பன் உடைந்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு பொய்யைத் தேடித் தடுமாறுகிறான். அது பொய்தானா என்பதுகூட நமக்குத் தெரியாது.

ராஜத்தின் கடிதம் வந்ததோ இல்லையோ, அன்று ரயிலடியிலிருந்து சுவாமி தனியாக வீடு திரும்பியிருக்க மாட்டான்.