பழுதுற்ற ஆடி

தளவாடி நம் உருவை அதே அளவிற் காட்டும். வளைவாடியோ மாற்றிக் காட்டும். குவிவாடியில் விம்பம் சிறுத்து நிமிர்ந்து நிற்கும். குழிவாடியின் அருகிலுள்ள பொருள் பெருத்துத் தோன்றும். சேய்மையிலிருந்து வரும் கதிர்களோ அதிற் பட்டுத் தெறித்து ஒரு புள்ளியிற் குவியும். விண்மீன்களை நோக்கும் பெருந் தொலைகாட்டிகள் இக்குவிதலையே நம்பியுள்ளன.

1990ஆம் ஆண்டில் விண்ணுக்கு ஏவப்பெற்ற ஹபிள் தொலைகாட்டியின் குழிவாடி 2.4 மீற்றர் விட்டமுடையது. மிக நுட்பமாக மெருகிடப்பெற்றது. ஆயினும் அது அனுப்பிய படங்கள் மங்கலாயிருந்தன. காரணம் யாது? வளைவைச் சோதித்த கருவியில் ஒரு வில்லை 1.3 மில்லிமீற்றர் இடம் பிசகியிருந்தது. அதனால் ஆடியின் விளிம்பு, தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ 50இல் ஒரு பங்கு தட்டையாயிற்று. விளிம்பிற் பட்ட ஒளியும் நடுவிற் பட்ட ஒளியும் வெவ்வேறிடங்களிற் குவிந்தன.

வேறு சோதனைகள் இப்பிழையை முன்னரே காட்டியிருந்தன. நுட்பங் குறைந்தவை என அவை தள்ளப்பட்டன!

1993 டிசெம்பரில் விண்வெளி வீரர்கள் சென்று, அதே பிழையை எதிர்மாறாகக் கொண்ட சிற்றாடிகளை அமைத்த கருவிகளைப் பொருத்தினர். படங்கள் தெளிந்தன.

கை எத்துணை நுட்பமாக உழைப்பினும், அளவுகோல் பிழைத்தால் உழைப்பும் பிழைக்கும். நாம் நம்பும் கோலையும் இடையிடையே வேறொரு கோலால் அளந்து பார்த்தல் அறிவுடைமையாகும்.