சேந்தமங்கலத்தில் எத்தனை எழுத்து?

குட்டீஸ்! கொல்லிமலை அடிவாரத்தில் உள்ள ஊர், சேந்தமங்கலம். இப்பெயரில் எத்தனை எழுத்து? எட்டுதானே! ஆனால், 'பைத்தான்' என்ற கணினி மொழியிடம் நீளம் கேட்டால், '12' என்கிறது! மூன்று மெய்யெழுத்துகளின் புள்ளிகளையும், 'சே'யின் கொம்பையும் தனியாக எண்ணுவதே காரணம்.

இதைச் சரிசெய்ய, 'ஓப்பன்-தமிழ்' என்ற இலவச நிரல் தொகுப்பு உள்ளது. இணைய இணைப்புள்ள கணினியின் கட்டளைத் திரையில், 'பிப் இன்ஸ்டால் ஓப்பன்-தமிழ்' என ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். 'பிப்' அதை இணையத்திலிருந்து எடுத்து வந்து, கணினியில் சேர்த்துவிடும். இதிலுள்ள எழுத்துப் பிரிக்கும் கட்டளையைப் பயன்படுத்தினால், விடை 8!

தொகுப்பு வேண்டாமா? 'இன்ஸ்டால்' என்பதை 'அன்இன்ஸ்டால்' என மாற்றித் தட்டுங்கள். 'நீக்கட்டுமா?' என்று கேட்கும். அவசரப்படாதீர்கள்! அதை நம்பி எழுதப்பட்ட வேறு நிரல்கள் நின்றுவிடலாம். 'பிப்' அதைச் சொல்லாது. நாம்தான் பார்த்து நீக்க வேண்டும்.