குக்கர் விசில் அடிச்சால்தான் எண்ணெய் வெளியே வரும்

இந்தமுறை எபிசோட்டின் கடைசியில், "நான் ஒருக்கா கோட் எழுதி இல்லாத எண்ணெயைக் கண்டுபிடிச்சனான்" எண்டு சொல்லிப்போட்டு, நேரம் போதாமல் விட்டுட்டன். அந்தக் கதை இது.

சில வருசத்துக்கு முன் ஆறு மாத கொன்ட்ராக்ட் ஒன்று கிடைத்தது. வடகடலுக்கு அடியில் எங்கே எவ்வளவு எண்ணெய் உருவாகியிருக்கும் எண்டு கணக்குப் போடும் மென்பொருளில் ஒரு பகுதியைத் திருப்பி எழுதுற வேலை. நான் படிச்சது கம்ப்யூட்டர் சயன்ஸ். நிலத்துக்குக் கீழே எண்ணெய் பெரிய குளம் மாதிரிக் கிடக்கும் எண்டுதான் அதுவரை நினைச்சிருந்தன். (எண்ணெய்க் கம்பனி வேலைக்கு ஏன் போனாய் எண்டு கேட்டு மெயில் போடப் போறீங்கள், தெரியும். வீட்டு மோர்ட்கேஜ்தான் காரணம்.)

குளம் இல்லை, கல். வடகடல் எண்ணெயில் பெரும்பகுதி கிம்மெரிட்ஜ் களிப்பாறை என்ற ஒரு படையில் இருந்து வந்தது. ஏறக்குறைய 15 கோடி வருசத்துக்கு முன், ஜுராசிக் காலத்தின் கடைசியில், கடற்பாசிகளும் நுண்ணுயிர்களும் செத்துக் கடலடியில் விழுந்தன. அங்கே தண்ணீரில் ஒக்சிசன் கிட்டத்தட்ட இல்லாததால் முழுக்க உக்கிப்போகாமல் சேற்றோடு புதைந்தன. மேலே மண் படை படையாக விழ, சேறு கறுப்புக் கல்லானது. பாசி கெரோஜன் என்ற திடப்பொருளானது. டைனோசர்தான் பெற்றோல் ஆனது எண்டு யாரும் சொன்னால் சிரிச்சிட்டு விடுங்கோ.

பிறகு சூடு. ஒரு கிலோமீட்டர் கீழே இறங்கினால் பொதுவாக 25 முதல் 30 பாகை கூடும். ஏறத்தாழ 60 முதல் 120 பாகைக்குள், லட்சக்கணக்கான வருசங்களில், கெரோஜன் உடைந்து எண்ணெயாகும். இன்னும் சூடேறினால் வாயு. ஏ லெவல் கெமிஸ்ட்ரியில் படிச்ச அரேனியஸ் சமன்பாடுதான். கோட் எழுத ஒரு மத்தியானம் போதும்.

அடுத்த வரியில்தான் பிழை விட்டன். உருவான எண்ணெய் எல்லாம் உடனே கல்லை விட்டு வெளியேறும் எண்டு எழுதிப்போட்டன். வரைபடம் முழுக்கச் சிவப்பு. அதைப் பார்த்த புவியியலாளர், ஓய்வு பெறக் கிட்டின மனுசன், கேட்டது ஒரே கேள்வி: "கல் என்ன, பைப்பா?"

யோசிச்சுப் பாருங்கோ. அந்தக் களிப்பாறையின் துளைகள் நனோமீட்டர் அளவு. அதுக்குள்ளே எண்ணெய் உருவானாலும், முதலில் கெரோஜனே அதைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைச்சிருக்கும். திடப்பொருள் திரவமாக மாறும்போது கன அளவும் கூடும். போக இடமில்லை. மேலே கிலோமீட்டர் கணக்கில் கல் அழுத்துது. உள்ளே அமுக்கம் ஏறி ஏறி, ஒரு கட்டத்தில் கல்லே தலைமயிர் மாதிரி வெடிக்கும். கொஞ்ச எண்ணெய் வெளியேறும், அமுக்கம் இறங்கும், வெடிப்பு மூடும். திரும்பவும் ஏறும். பருப்பு அவியும்போது குக்கர் விசில் அடிக்கிறதும் அடங்குறதும் போல. வெளியேறின எண்ணெய் தண்ணீரைவிடப் பாரம் குறைவு எண்டதால் மேலே ஏறி, மணற்கல்லில் போய் மாட்டுப்படும். 1971இல் கண்டுபிடிச்ச பிரென்ட் வயல் அப்படி ஒன்று. அங்கே எண்ணெயை வைச்சிருக்கும் மணற்கல்லுக்கு, எண்ணெயைக் குடுத்த களிப்பாறையைவிட வயசு கூட. வெடிப்புகள் படைகளைச் சரிச்சு உயர்த்தினதால் அது நடந்தது.

ஆனால் விசில் அடிக்காத குக்கரும் உண்டு. கெரோஜன் குறைவான கல்லில் எண்ணெய் உருவாகும், அந்த அளவுக்கு நிறையாது, வெளியே வராது. நல்ல கல்லிலும் ஒரு பங்கு உள்ளேயே தங்கும். அமெரிக்காவில் சில இடங்களில் ஃப்ராக்கிங் செய்யிறது இப்படித் தங்கின எண்ணெய்க்குத்தான். கல் தானாக வெடிக்காத இடத்தில் மனுசன் வெடிக்க வைக்கிறான்.

என் கோட்டில் இல்லாதது அந்த ஒரு நிபந்தனை. சேர்த்து ஓட்டினேன். சிவப்பு பாதிக்கு மேல் காணாமல் போச்சு. அந்த வாரம் மேலிடத்துக்குக் காட்ட இருந்த ஒரு இடமும் அதோடு போச்சு. கடலில் ஒரு சோதனைக் கிணறு தோண்டக் கோடிக்கணக்கான பவுண் தேவை. அண்டைக்கு இரவு நித்திரை வரேல்ல.

போன கோடையில் குடும்பத்தோடு டோர்செட்டில் கிம்மெரிட்ஜ் குடாவுக்குப் போனேன். அந்தப் படைக்குப் பேர் வந்த இடம். கரையில் அதே கறுப்புக் கல், ஆனால் இங்கே தேவையான சூடு ஏறும் அளவுக்குப் புதையேல்ல. முந்தி ஊர்ச்சனம் இதில் ஒரு படையை நிலக்கரி மாதிரி எரிச்சிருக்கு; கந்தக நாத்தம் அடிக்குமாம். பக்கத்திலேயே 1961இல் எண்ணெய் எடுக்கத் தொடங்கின பம்ப் ஒன்று நிக்குது. இந்தக் கல்லின் எண்ணெய்தான் எண்டு நினைப்பீங்கள். இல்லை, அது இன்னும் ஆழத்தில் இருக்கிற லயாஸ் என்ற பழைய படையில் உருவானது.

நீங்களும் போறதெண்டால் கடல் வத்துற நேரம் பார்த்துப் போங்கோ. செங்குத்துக்குக் கிட்ட நிக்காதேங்கோ, கல் விழும்.