உங்களுக்குத் தெரியுமா? கழுதைப்புலியின் பின்னால் ஓடும் கன்று!

தாயைத் தவறவிட்ட வில்டபீஸ்ட் (ஆப்பிரிக்க மான் வகை) இளங்கன்று, கண்ணெதிரே நகரும் எதன் பின்னாலும் ஓடும். அது ஜீப்பாக இருக்கலாம், கழுதைப்புலியாகவும் இருக்கலாம்! பகை எது என்று அதற்கு இன்னும் தெரியாது.

• தாயை ஒட்டியே ஓட வேண்டும் என்பது மட்டும் பிறவியிலேயே வருகிறது. பிறந்த சுமார் 7 நிமிடங்களில் கன்று எழுந்து நின்றுவிடும். ஓரிரு நாளில் மந்தைக்கு ஈடுகொடுத்து ஓடும்.

• தான்சானியாவின் தெற்கு செரெங்கெட்டியில், பிப்ரவரியை ஒட்டிய இரண்டு மூன்று வாரங்களில் லட்சக்கணக்கான கன்றுகள் பிறக்கின்றன. சிங்கமும் கழுதைப்புலியும் எத்தனையைத்தான் தின்று தீர்க்கும்? இந்தக் கூட்டத்தோடு சேராமல் முந்தியோ பிந்தியோ பிறப்பவைதான் அதிகம் பலியாகின்றன.

• அதே புல்வெளியில் தாம்சன் கசல் என்னும் சிறுமான் குட்டியின் வழி நேரெதிர். ஓடாது, புல்லுக்குள் அசையாமல் படுத்துக்கிடக்கும். மோப்பம் பிடித்து எதிரி வந்துவிடாதபடி, குட்டியின் மலத்தையும் சிறுநீரையும் தாயே நக்கிச் சுத்தம் செய்துவிடும்.

• கோடியக்கரை வெளிமான் குட்டிகளும் முதல் நாட்களில் இப்படித்தான் பதுங்கிக் கிடக்கும். அனாதை என்று நினைத்துத் தூக்கிவிடாதீர்கள். பெரும்பாலும் தாய் அக்கம்பக்கத்தில்தான் மேய்ந்துகொண்டிருக்கும்.