நீரிழிவும் நினைவாற்றலும்

வில்லியனூர்ப் பக்கத்து நெசவாளருக்குப் பாவின் இழைக் கணக்கும், பாகூர்ப் பக்கத்து விவசாயிக்கு நாற்று விட்ட நாளும் மனத்தில் நிற்பது அவசியம். அந்த நினைவாற்றலையே மெல்ல அரிக்கக்கூடிய வியாதி ஒன்று நம் வீடுகளில் புகுந்திருக்கிறது. அதுவே நீரிழிவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான கணக்கெடுப்பின்படி, புதுச்சேரியில் வயது வந்தோர் 100 பேரில் ஏறத்தாழ 26 பேருக்கு இந்நோய் உண்டு. அக்கணக்கில் கோவாவுக்கு அடுத்த இடம் நமக்கே.

இரத்தத்தில் சர்க்கரை நெடுங்காலம் மிகுந்திருப்பின் மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கெடுகின்றன; நரம்பணுக்களும் நலிகின்றன. நீரிழிவுள்ளவர்க்கு முதுமையில் மறதிநோய் வரும் வாய்ப்பு மற்றவரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும்.

இதற்கு மூலிகை உண்டா என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். ஈரமான வரப்புகளிலும் வாய்க்கால் ஓரங்களிலும் வளரும் வல்லாரையையும் நீர்ப்பிரமியையும் நம் நாட்டு வைத்தியம் அறிவை வளர்க்கும் மூலிகைகளாகப் போற்றி வந்துள்ளது. நீர்ப்பிரமியிலுள்ள பாக்கோசைடு என்னும் பொருளை லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தார் ஆராய்ந்துள்ளனர். நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு இம்மூலிகைகளின் சாரத்தைக் கொடுத்தபோது நினைவாற்றல் குன்றுவது தணிந்ததாகப் பரிசோதனைகள் கூறுகின்றன. ஆயினும் எலியிடம் கண்டது மனிதருக்கும் பொருந்தும் என்று கொள்வதற்கில்லை. நீரிழிவுள்ள மனிதரிடம் அப்பலன் இன்னும் உறுதிப்படவில்லை.

ஆகவே வல்லாரையைத் துவையலாகவும் கூட்டாகவும் உண்பது நன்றே. அதனை நம்பி மாத்திரையை நிறுத்துவதோ பெருந்தீங்கு. டாக்டரிடம் சொல்லாமல் சிறுகுறிஞ்சான் பொடியை மாத்திரையோடு சேர்த்து உண்பதும் ஆபத்தே. சர்க்கரை அளவு மீறித் தாழ்ந்தால் மயக்கம் வரும். அது பலமுறை நேரின் மூளைக்கே கேடு. மேலும், வல்லாரையும் நீர்ப்பிரமியும் அழுக்கு நீரிலுள்ள ஈயம் முதலிய நச்சு உலோகங்களை உறிஞ்சிக்கொள்ளும். ஆதலின் சாக்கடை ஓரத்திலும் ஆலைக் கழிவு ஓடும் வாய்க்காலிலும் பறித்தலாகாது. கிணற்றடியில் ஒரு சிறு பாத்தி போட்டு, வேரோடு கூடிய தண்டை நட்டால், தானே படரும்.

மூளையைக் காக்கும் முதல் வழி சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைப்பதே. நாள் முழுதும் தறிக்குழியில் அமர்ந்திருப்போர் தினமும் அரைமணி நேரமாவது நடத்தல் வேண்டும். முப்பது வயதைக் கடந்தோர் அருகிலுள்ள அரசு சுகாதார நிலையத்தில் சர்க்கரையைப் பரிசோதித்துக்கொள்ளல் வேண்டும். அறுந்த இழையைக் கண்டவுடன் முடிச்சிடுவது நம் வழக்கமன்றோ? உடலைப் பேணுவதிலும் அவ்விழிப்பு நமக்கு வேண்டும்.