அரசியல் அறிவியல் வகுப்பில் என்னதான் நடக்கிறது?

அரசியல் அறிவியல் படிக்கிறேன் என்று சொன்னால் நம் ஊரில் இரண்டே கேள்விகள்தான் வரும். இளவயதுக்காரர் என்றால், "ஐஏஎஸ் எழுதப் போறியா?" தலை நரைத்திருந்தால், "எந்தக் கட்சி சார்?" எனக்கு இரண்டாவது கேள்விதான் வாய்த்தது. பி.இ. முடித்து, மென்பொருள் வேலையில் இருபது வருடத்தை ஓட்டிவிட்டு, நாற்பதைத் தாண்டிய பிறகு இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) அரசியல் அறிவியல் எம்.ஏ. சேர்ந்தேன்.

படித்து முடித்தபின் நண்பர்கள் கேட்பது வேறு கேள்வி: "தினமும் பேப்பர் படிக்கிறோம், டீக்கடையில பேசுறோம். இதுக்கு மேல அந்தப் படிப்புல என்ன இருக்கு?" நியாயமான கேள்விதான். அந்த வகுப்பில் உட்காரும் ஒருவருக்கு என்ன நடக்கிறது என்பதை மூன்று நான்கு உதாரணங்களோடு விளக்கிப் பார்க்கிறேன்.

படிப்பின் அளவு

முதலில் கணக்கு. நான் படித்தபோது மொத்தம் 64 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேர உழைப்பு. முதல் வருடம் நான்கு தாள்கள், தலா 8 கிரெடிட்: அரசியல் கோட்பாடு, பன்னாட்டு உறவுகள், இந்தியாவில் ஜனநாயகமும் வளர்ச்சியும், ஒப்பீட்டு அரசியல். 32-ஐ 30-ஆல் பெருக்கினால் 960 மணி நேரம். வருடத்தின் எல்லா நாளும் படித்தால்கூட நாளுக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல். வேலைக்குப் போகிறவருக்கு இது விளையாட்டல்ல.

மதிப்பெண்ணில் 30 சதவீதம் ஒப்படைப்புகளுக்கு, 70 சதவீதம் தேர்வுக்கு. ஒப்படைப்பைக் கையால் எழுதித் தர வேண்டும். விசைப்பலகையில் தட்டியே பழகிய விரல்கள் ஐந்தாவது பக்கத்தில் கெஞ்ச ஆரம்பிக்கும்.

வார இறுதியில் ஒரு கல்லூரியில் கலந்துரையாடல் வகுப்பு. வழக்கமாக வருகிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். பாதிப் பேர் குடிமைப் பணித் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள். அங்கே அரசியல் அறிவியலும் பன்னாட்டு உறவுகளும் ஒரு விருப்பப் பாடம், இரண்டு தாள், மொத்தம் 500 மதிப்பெண். மீதிப் பேரில் ஒரு பள்ளி ஆசிரியை, வருவாய்த் துறையில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், எதிரெதிர்க் கட்சிகளில் இருக்கும் இரண்டு பேர், இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் பிறந்து வளர்ந்த ஒரு தம்பி, அப்புறம் நான்.

ஒரு சொல்லைப் பிரித்துப் பார்ப்பது

கோட்பாட்டுத் தாளில் முதலில் இடறுவது சொற்கள்தான். தமிழில் 'அதிகாரம்' என்று ஒரே சொல்லைப் போட்டு எல்லாவற்றையும் முடித்துவிடுகிறோம். பாடப்புத்தகம் அதை 'பவர்' என்றும் 'அதாரிட்டி' என்றும் பிரிக்கிறது. என்ன வித்தியாசம் என்று ஆசிரியர் கேட்டபோது ஓய்வுபெற்ற பெரியவர்தான் பதில் சொன்னார்: "தாசில்தார் கையெழுத்துப் போட்டா பட்டா மாறும். ஊர்ப் பெரிய மனுஷன் ஒரு வார்த்தை சொன்னா, பட்டா கையில இருந்தாலும் அந்த நிலத்துல ஏர் இறங்காது."

இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. ஒருவரைச் செய்ய வைக்கும் திறன் பவர். 'இவர் சொன்னால் கேட்பது முறை' என்று மற்றவர்கள் ஏற்றுக்கொண்ட பவர்தான் அதாரிட்டி. அந்த ஏற்பு எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் மூன்று ஊற்றுகளைச் சொன்னார்: காலங்காலமாக வந்த மரபு, தலைவரின் தனி ஈர்ப்பு, எழுதப்பட்ட சட்டமும் விதியும். இதைப் படித்தபின் நம் முதலமைச்சர்களை ஒவ்வொருவராக எடுத்து, எதில் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் இருக்க முடியாது. பெரும்பாலும் மூன்றும் கலந்துதான் இருக்கும்.

'நீதி', 'சமத்துவம்', 'சுதந்திரம்' போன்ற சொற்களில் சிக்கல் இன்னும் கூடுதல். டபிள்யூ.பி. காலி என்ற தத்துவவாதி 1956-ல் ஒரு கட்டுரை எழுதினார். சில சொற்களின் பொருள் பற்றிய சண்டை ஓயவே ஓயாது, அந்தச் சண்டையே அந்தச் சொல்லின் இயல்பு என்பது அவர் வாதம். என் தொழிலில் ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தால் நிரல் ஓடாது. இங்கே அந்த இரண்டு பொருளையும் வைத்துக்கொண்டுதான் வேலையே ஆரம்பம்.

உதாரணத்துக்கு ஜான் ரால்ஸும் ராபர்ட் நோசிக்கும். ரால்ஸ் 1971-ல், ஏற்றத்தாழ்வு இருக்கலாம், ஆனால் அது அடிமட்டத்தில் இருப்பவருக்கு நன்மை தருவதாக இருக்க வேண்டும் என்றார். நோசிக் 1974-ல், ஒருவர் நேர்மையாகச் சம்பாதித்ததைப் பறித்துப் பங்கிட அரசுக்கு உரிமை இல்லை என்றார். இருவரும் ஹார்வர்டில் ஒரே துறையில் வேலை பார்த்தவர்கள். தேர்வில் 'ரால்ஸ் சொல்வது சரி' என்று மட்டும் எழுதினால் தேறாது. நோசிக்கின் வாதத்தை அவரே ஒத்துக்கொள்ளும் அளவுக்கு வலுவாகச் சொல்லிவிட்டு, அதன் பிறகு மறுக்க வேண்டும். நமக்குப் பிடிக்காத கருத்தை நியாயமாக எடுத்துச் சொல்லும் இந்தப் பயிற்சி, தொலைக்காட்சி விவாதம் பார்த்து வளர்ந்த நமக்கு ரொம்பவே கஷ்டம்.

44 சதவீதமும் 37 இடங்களும்

ஒப்பீட்டு அரசியல் தாளில் தேர்தல் முறைகள் வந்த நாள், வகுப்பில் நல்ல சூடு. கட்சிக்காரர்களில் ஒருவர் 2014 மக்களவைத் தேர்தலைப் பெருமையாக எடுத்தார்: தமிழ்நாட்டில் 39-ல் 37 அ.தி.மு.க.வுக்கு. இன்னொருவர் உடனே 2019-ஐ எடுத்தார்: தி.மு.க. கூட்டணிக்கு 38, அ.தி.மு.க.வுக்கு 1. "மக்கள் தீர்ப்புண்ணே" என்று அவர் சொல்ல, "அப்ப 2014 யாரு தீர்ப்பு தம்பி?" என்று இவர் கேட்க, ஆசிரியர் இருவரையும் விட்டுவிட்டுக் கரும்பலகைக்குப் போனார்.

2014-ல் அ.தி.மு.க. வாங்கிய வாக்கு சுமார் 44 சதவீதம். அதற்கு 37 இடம். தி.மு.க. வாங்கியது சுமார் 23 சதவீதம். அதற்குப் பூஜ்யம். 2019-ல் தி.மு.க. கூட்டணி பாதிக்குச் சற்று மேல் வாக்கு வாங்கி, ஏறத்தாழ எல்லா இடத்தையும் அள்ளியது. தேசிய அளவிலும் இதே கதைதான். 2014-ல் பா.ஜ.க. 31 சதவீத வாக்கில் 543-ல் 282 இடம் பிடித்தது. பகுஜன் சமாஜ் நாடு முழுக்கச் சுமார் 4 சதவீதம் வாங்கியும் ஒரு இடம்கூடப் பெறவில்லை.

காரணம் எளிது. ஒவ்வொரு தொகுதியிலும் முதலில் வருகிறவர் மட்டுமே ஜெயிக்கிறார். இரண்டாவது வந்தவருக்கு விழுந்த வாக்கு எங்கும் சேராது. எல்லாத் தொகுதியிலும் ஒரே அலை அடித்தால், 44 சதவீதம் என்பது 95 சதவீத இடமாக மாறிவிடும். இந்த முறையில் சிறு கட்சிகள் தேய்ந்து, போட்டி இரண்டு முனைகளாகச் சுருங்கும் என்று பிரெஞ்சு அறிஞர் மொரீஸ் துவெர்ஜே 1951-லேயே எழுதினார். நம் ஊரில் இரண்டு பெரிய கட்சிகளைச் சுற்றியே கூட்டணிகள் அமைந்துவந்ததை இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

அப்படியென்றால் வாக்கு விகிதப்படி இடம் கொடுத்துவிடலாமே? அரசியல் நிர்ணய சபையில் இந்தக் கோரிக்கை வந்தது. 1949 ஜனவரியில் அம்பேத்கர் இதை ஏற்கவில்லை. எழுத்தறிவு குறைந்த நாட்டுக்கு அது சிக்கலானது, சபை சிதறிப் போனால் நிலையான அரசு அமையாது என்பது அவர் காரணம். ஆக, இரண்டு முறைக்கும் விலை உண்டு. யார் ஜெயித்தார் என்று சண்டை போட வந்த இருவரும், எந்த விதி யாரை ஜெயிக்க வைக்கிறது என்று பேசிக்கொண்டே டீ குடிக்கப் போனார்கள். கட்சி மாறவில்லை, கேள்வி மாறிவிட்டது.

"இந்தியா நீங்கலாக"

இந்த ஊர் மாணவருக்கென்றே ஒரு தனி அனுபவம் உண்டு. பெரிய கோட்பாடுகள் எல்லாவற்றிலும் நம் நாடு விதிவிலக்காக வந்து நிற்கும். ஜான் ஸ்டூவர்ட் மில் 1861-ல், பல மொழி பேசும் பல தேசிய இனங்கள் சேர்ந்த நாட்டில் சுதந்திரமான ஆட்சி அநேகமாகச் சாத்தியமில்லை என்றார். (அவர் 1823 முதல் 1858 வரை கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்தவர் என்பது கூடுதல் தகவல்.) சீமோர் லிப்செட் 1959-ல், பொருளாதார வளர்ச்சிக்கும் ஜனநாயகத்துக்கும் உள்ள தொடர்பை எழுதினார். ஏழை நாடு, பல மொழி, பல மதம், எல்லாம் இருந்தும் இங்கே தேர்தல் நடந்துகொண்டே இருக்கிறது. அதனால் 'இந்தியா நீங்கலாக' என்று ஒரு வாசகம் சேர்ந்துவிடும்.

முதலில் பெருமையாக இருக்கும். பிறகு உறுத்தும். உலக மக்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் வாழும் நாட்டை எப்படி விதிவிலக்கு என்பது? பயனர்களில் ஆறில் ஒருவருக்கு மென்பொருள் வேலை செய்யவில்லை என்றால், நாங்கள் பயனரைக் குறை சொல்ல மாட்டோம், நிரலைத் திருத்துவோம்.

அப்படித் திருத்திய முயற்சிகளில் ஒன்று ஹுவான் லின்ஸ், ஆல்ஃபிரெட் ஸ்டெபன், யோகேந்திர யாதவ் மூவரும் 2011-ல் வெளியிட்ட ஆய்வு நூல். அதில் இந்தியத் தமிழரையும் இலங்கைத் தமிழரையும் ஒப்பிடுகிறார்கள். 1950-களில் நின்று பார்த்தால் பிரிவினை ஆபத்து எங்கே தெரிந்திருக்கும்? திராவிட நாடு கேட்டுக்கொண்டிருந்த இந்தியப் பக்கத்தில்தான். நடந்தது தலைகீழ்.

இலங்கை 1956-ல் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழி ஆக்கியது. 1976-ல் வட்டுக்கோட்டைத் தீர்மானம் தனிநாடு கேட்டது. பிறகு நடந்த போர் நமக்குத் தெரியும். இந்தியா அதே 1956-ல் மொழிவாரி மாநிலங்களை அமைத்தது. 1963-ல் பிரிவினைப் பிரசாரத்தைத் தடுக்கச் சட்டத் திருத்தம் வந்தது, தி.மு.க. அந்தக் கோரிக்கையைக் கைவிட்டது. 1965-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டம் வெடித்தது, உயிர்கள் போயின. 1967-ல் தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. அதே வருடம், இந்தி ஏற்காத மாநிலங்கள் சம்மதிக்கும்வரை ஆங்கிலம் தொடரும் என்று ஆட்சிமொழிச் சட்டம் திருத்தப்பட்டது. 'ஒரு நாடு என்றால் ஒரு மொழி' என்ற அச்சில் வார்க்காததால் இங்கே ஒருவர் தமிழராகவும் இந்தியராகவும் ஒரே நேரத்தில் இருக்க முடிந்தது என்பது அந்த நூலின் வாதம்.

இரண்டு நாட்டை வைத்து மட்டும் நிரூபித்துவிட முடியுமா? முடியாது. இந்தியாவில் எந்த ஒரு மொழிக்காரரும் பாதிக்கு மேல் இல்லை, இலங்கையில் சிங்களவர் முக்கால் பங்கு அளவுக்கு இருக்கிறார்கள். வேறுபாட்டுக்கு அதுவும் காரணமாக இருக்கலாம். இப்படி மறுகாரணம் தேடுவதையும் அதே வகுப்புதான் சொல்லிக் கொடுக்கிறது.

'மக்கள்' என்பது யார்?

இந்தப் பாடம் நடந்தபோது முகாம் தம்பி ஒன்றும் பேசவில்லை. பொதுவாகவே அவர் தேர்தல் விவாதங்களில் ஒதுங்கித்தான் இருப்பார். இங்கேயே பிறந்தவர், இங்கேயே பட்டம் வாங்கியவர், ஆனால் வாக்கு கிடையாது. 1987 ஜூலை 1 முதல் இந்த மண்ணில் பிறந்தால் மட்டும் போதாது, பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை.

அடுத்த வாரம் ஜனநாயகத்தின் இலக்கணம் பற்றிப் பேசும்போது அவர் கேட்டார்: "சார், மக்களாட்சின்னா மக்கள் முடிவு பண்றதுன்னு எல்லாப் புத்தகமும் சொல்லுது. அந்த மக்கள் யாருன்னு யாரு முடிவு பண்ணாங்க?"

ஆசிரியர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இது நிஜமாகவே கோட்பாட்டாளர்களைத் திணறடித்த கேள்வி என்றார். ராபர்ட் டால் 1970-லேயே இதை எழுப்பி, ஜனநாயகக் கோட்பாடு இதைக் கண்டுகொள்ளாமல் போய்விட்டதே என்று எழுதியிருக்கிறார். வாக்கெடுப்பு நடத்தி முடிவு செய்யலாம் என்றால், அந்த வாக்கெடுப்பில் யாருக்கு வாக்கு? சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வரும். ஒரு முடிவால் பாதிக்கப்படுகிற எல்லோருக்கும் அதில் குரல் வேண்டும் என்பது சிலரின் பதில். ஒரு சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நீண்டகாலம் வாழ்கிறவர்களை விலக்கி வைக்கக் கூடாது என்பது வேறு சிலரின் பதில். இரண்டிலும் ஓட்டைகள் உண்டு. ஆனால் அன்றைக்கு அந்த வகுப்பில் இருந்த யாரும் 'மக்கள் தீர்ப்பு' என்ற சொல்லை அதற்குப் பிறகு அலட்சியமாக உபயோகித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

சேரலாமா?

வேலை உயர்வுக்கு இது உதவாது. கட்சி அபிப்பிராயத்தையும் மாற்றாது. ஒரு செய்தியைப் படித்ததும் 'யார் பக்கம்' என்று பார்க்கும் பழக்கத்தோடு, 'எந்த விதி இதைச் சாத்தியமாக்கியது, யார் இந்தக் கணக்கில் சேரவே இல்லை' என்ற இரண்டு கேள்விகளும் ஒட்டிக்கொள்ளும். அதற்கு வருடத்துக்கு 960 மணி நேரம் செலவழிக்கலாமா என்பது உங்கள் முடிவு.

ருசி பார்க்க நினைப்பவர்களுக்கு: இக்னோவின் பாடநூல்கள் ஈ-ஞான்கோஷ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் ஸ்மித் நடத்திய அரசியல் தத்துவ அறிமுக வகுப்பும், இயன் ஷபிரோ நடத்திய அரசியலின் அறவியல் அடிப்படைகள் வகுப்பும் முழுக்க இணையத்தில் உள்ளன. முதல் இரண்டு வகுப்பு கேட்டுவிட்டு, உங்களுக்குச் சுத்தமாகப் பிடிக்காத ஒரு கருத்தை எடுத்து, அதை நம்புகிறவர் தலையாட்டும் விதத்தில் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். கையால் எழுதினால் இன்னும் நல்லது. அந்த ஒரு பக்கம் எழுத எவ்வளவு நேரம் ஆகிறது என்பதிலேயே இந்தப் படிப்பு உங்களுக்குத் தேவையா என்பது தெரிந்துவிடும்.